கால் இருக்கிறது, மூச்சு இல்லை: 800 மீட்டருக்கு எதை முதலில் வளர்ப்பது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து தோட்டத்துக்குள் பிரியும் சாலையில், செம்பனை எண்ணெய் ஆலைக்குச் சற்று முன்னால் எங்கள் திடல் இருக்கிறது. வெறும் புல்தரை. சுண்ணாம்புக் கோடு போட்டால் 400 மீட்டர் சுற்று. இரண்டு மழை பெய்தால் கோடு கரைந்து, பிள்ளைகள் ஓடித் தேய்ந்த மண் தடம் மட்டும் மிஞ்சும். வாரத்தில் சில மாலைகள் அங்கே ஓட்டம் சொல்லிக்கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது. ஆகவே யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. அந்தச் சுதந்திரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது என்னிடம் 800 மீட்டருக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருத்தி மூன்றாம் படிவத்துப் பெண். விசில் ஊதியதும் வில்லிலிருந்து விடுபட்டவள் போலப் பாய்வாள். முதல் சுற்றில் பையன்களில் பாதிப் பேர் அவளுக்குப் பின்னால்தான். இரண்டாம் சுற்றில் எதிர்ப்பக்க நேர்கோட்டில் அவளைப் பார்க்கப் பாவமாக இருக்கும். இன்னொருவன் நான்காம் படிவம். கிளம்பும்போது கடைசி ஆள், முடிக்கும்போது இரண்டாவது ஆள். முடித்த பிறகும் முட்டியில் கை வைத்துக் குனியாமல், நேராக நின்றுகொண்டு, “ஐயா, எத்தனை?” என்று நேரம் கேட்பான்.

மாவட்டப் போட்டிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. சென்ற வாரம் அந்தப் பெண்ணின் அம்மா, வேலை முடிந்து வரும் வழியில், திடலோரத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “ஐயா, இவளுக்குக் கால் இருக்கிறது, மூச்சுதான் இல்லை. பள்ளியில் 400 மீட்டருக்குப் போடலாம் என்கிறார்கள். நீங்கள் 800-ஐ விடமாட்டேன் என்கிறீர்கள். சரி, ஓடட்டும். ஆனால் இருக்கிற காலை வளர்ப்பதா, இல்லாத மூச்சை வளர்ப்பதா?”

இந்தக் கேள்வியை இதைவிடக் கச்சிதமாக நான் எங்கும் கேட்டதில்லை. கால் என்றால் வேகம். மூச்சு என்றால் தாங்குதிறன். நடுத்தூர ஓட்டத்தைப் பற்றி உலகம் முழுவதும் நடக்கும் சண்டை இந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது. ஐந்து மாதம், வாரத்துக்கு நான்கு நாள். அதைக் காலுக்குக் கொடுப்பதா, மூச்சுக்குக் கொடுப்பதா? அன்று சாலையோரத்தில் நின்று சொன்னதைவிட நிதானமாக இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் நோட்டுப் புத்தகத்தைத் திறப்போம். அந்தப் பெண் தனியாக 400 மீட்டர் ஓடினால் 64.8 வினாடி. 800 மீட்டர் 2:36. பையனுக்கு 400 மீட்டர் 57.9 வினாடி, 800 மீட்டர் 2:07.5. நான் போடும் கணக்கு ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கும் புரியும். 400 மீட்டர் நேரத்தை இரண்டால் பெருக்கி, 800 மீட்டர் நேரத்திலிருந்து கழிக்க வேண்டும். மிஞ்சுவது எத்தனை வினாடி என்று பார்க்க வேண்டும். பெண்ணுக்கு 26-க்கு மேல் மிஞ்சுகிறது. பையனுக்கு 12 வினாடி கூட மிஞ்சவில்லை.

இதை நான் மிச்சக் கணக்கு என்பேன். மிச்சம் பெரிதாக இருந்தால், கையில் வேகம் இருக்கிறது, அதை இரண்டு சுற்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க உடம்புக்கு வழி தெரியவில்லை. மிச்சம் சிறிதாக இருந்தால், இருக்கும் வேகத்தைக் கடைசிச் சொட்டு வரை பிழிந்தாயிற்று. கரும்புச் சக்கையை மறுபடி மறுபடி இயந்திரத்தில் விட்டு என்ன பயன்? வேறு கரும்புதான் தேட வேண்டும்.

பெரிய ஓட்டக்காரர்களுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. கியூபாவின் ஆல்பெர்ட்டோ யுவாந்தொரேனா 1976 மொன்ட்ரியல் ஒலிம்பிக்கில் 400, 800 இரண்டிலும் தங்கம் வென்றார். நேரங்கள் 44.26, 1:43.50. மிச்சம் 15 வினாடி. பிரிட்டனின் செபாஸ்டியன் கோ 400 மீட்டரில் ஓடிய மிகச் சிறந்த நேரம் 46.87. அவர் 1981-இல் புளோரன்ஸ் நகரில் 800 மீட்டரை 1:41.73-இல் ஓடினார். மிச்சம் வெறும் 8. ஒரு சுற்றில் கியூபாக்காரரைவிட இரண்டரை வினாடி மெதுவானவர், இரண்டு சுற்றில் அவரைவிட ஏறக்குறைய இரண்டு வினாடி வேகமானவர்! பெண்களில், செக்கோஸ்லோவாக்கியாவின் யர்மிலா கிராட்டோச்விலோவா 1983-இல் 400 மீட்டரை 47.99-இலும் 800 மீட்டரை 1:53.28-இலும் ஓடினார். மிச்சம் 17-க்கு மேல். அந்த 800 மீட்டர் சாதனையை இன்னும் யாரும் தொடவில்லை.

ஆக, கட்சி கட்டிச் சண்டை போட விரும்புகிறவர்களுக்கு இரண்டு பக்கமும் சாட்சி உண்டு. மூச்சுக் கட்சிக்காரர் கோவைக் காட்டுவார். கால் கட்சிக்காரர் யுவாந்தொரேனாவையும் கிராட்டோச்விலோவாவையும் காட்டுவார். காப்பிக் கடையில் இரண்டு மணி நேரம் போகும். ஆனால் இந்த மூவரில் ஒருவருக்குக்கூட 400 மீட்டரில் மந்தமான கால் கிடையாது; ஒருவருக்குக்கூட 26 வினாடி மிச்சம் கிடையாது. வயதும் தரமும் வேறு என்பதால் எங்கள் பெண்ணுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே விட்டுக்கொடுக்கலாம். 17, 18 என்றால் நான் வாய் திறக்கமாட்டேன். 26 என்பது பயிற்சியே இல்லாத உடம்பின் எண்.

அவளுடைய இரண்டாம் சுற்றை ஒருநாள் கூடவே சைக்கிளில் போய்ப் பார்த்தேன். முதல் சுற்று 70 வினாடி. 500 மீட்டர் வரை ஒன்றும் தெரியவில்லை. அதன்பிறகு முதலில் மாறியது காலல்ல, தோள். இரண்டு தோளும் மெல்லக் காது நோக்கி ஏறின. அடுத்து, பக்கவாட்டில் வீசிக்கொண்டிருந்த கைகள் மார்புக்குக் குறுக்கே வரத் தொடங்கின. 600 மீட்டரில் கழுத்து நரம்பு புடைத்தது. அப்புறம்தான் கால்: முட்டி உயரவில்லை, பாதம் தரையைத் தட்டும் சத்தம் மட்டும் கனத்தது. எட்டு வைக்கிறாள், இடம் நகரவில்லை. இரண்டாம் சுற்று 86 வினாடி.

இரண்டாம் சுற்று மெதுவாவது குற்றமல்ல. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கென்யாவின் டேவிட் ருடிஷா 1:40.91 என்று உலகச் சாதனை படைத்தபோது முதல் சுற்று 49.28, இரண்டாவது 51.63. உலகிலேயே சிறந்த ஓட்டத்தில்கூட இரண்டு வினாடிக்கு மேல் சரிவு இருக்கிறது. எங்கள் பெண்ணுக்கு 16 வினாடி சரிகிறது. இதுதான் வித்தியாசம்.

ஏன் சரிகிறது? 400 மீட்டரில் தசை செலவிடும் சக்தியில் பாதிக்கு மேல் ஆக்சிஜனுக்காகக் காத்திருக்காமல் கிடைக்கிறது. 800 மீட்டரில் கணக்குத் தலைகீழ்: ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிஜன் வழியாகத்தான் வந்தாக வேண்டும். 1500 மீட்டரில் அது ஐந்தில் நான்கு பங்கைத் தாண்டும். இரண்டே நிமிட ஓட்டத்தில் இவ்வளவா என்று பலர் நம்பமாட்டார்கள். நானும் பள்ளி நாளில் நம்பியதில்லை. 800 என்பது இரண்டு 400 என்றுதான் நினைத்தேன். ஆக்சிஜன் வழி பலமில்லாதவர்கள் பற்றாக்குறையை மற்ற வழியில் கடன் வாங்கி ஈடுகட்டுகிறார்கள். கடன் ஏற ஏறத் தசைக்குள் அமிலத்தன்மை கூடுகிறது, தசை சுருங்கி விரிய மறுக்கிறது. தோள் ஏறுவதும் கை குறுக்கே போவதும் அந்தக் கடன்காரன் கதவைத் தட்டும் சத்தம்.

இப்போது ஐந்து மாதத்துக்கான கணக்கைப் போடுவோம். அந்தப் பெண்ணைக் காலுக்கே பயிற்றி, 400 மீட்டரில் ஒரு முழு வினாடியைக் குறைத்துவிட்டேன் என்று வையுங்கள். 63.8. இரண்டால் பெருக்கி, அதே 26 வினாடியைச் சேர்த்தால் 2:34. இரண்டு வினாடி லாபம். அதற்குப் பதிலாக மூச்சுக்குப் பயிற்றி, மிச்சத்தை 26-லிருந்து 18-க்கு இறக்கினால் 2:28-க்குள் வந்துவிடுவாள். எட்டு வினாடி லாபம். முதலாவது கடினம், பதின்ம வயதில் 400 மீட்டரில் ஒரு வினாடி குறைப்பது லேசான காரியமில்லை. இரண்டாவது, பயிற்சியே இல்லாத உடம்பில், மெதுவாக நடந்தாலும் நிச்சயமாக நடக்கும். இவள் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: மூச்சு.

பையனுக்கு இதே மருந்தைக் கொடுத்தால் கெட்டது. இதைச் சொல்ல எனக்குச் சொந்த அனுபவம் இருக்கிறது.

பள்ளி நாளில் என் 400 மீட்டர் 55.6. என் 800 மீட்டர் 2:04.1. மிச்சம் 13 கூட இல்லை. அந்தக் கணக்கு அன்று எனக்குத் தெரியாது. மாநிலப் போட்டியில் கடைசி 200 மீட்டரில் மூன்று பேர் என்னைத் தாண்டிப் போனார்கள். எனக்கு மூச்சு போதவில்லை என்று முடிவு கட்டினேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் தலையாட்டினார். அடுத்த இரண்டு வருடம் தினமும் மாலை பத்துக் கிலோமீட்டர், செம்மண் சாலையில், மழை வெயில் பார்க்காமல் ஓடினேன். ஊரில் எனக்கு நல்ல பெயர். “அந்தப் பையன் ஓடாத நாள் இல்லை” என்பார்கள். இரண்டு வருட முடிவில் என் 800 மீட்டர் 2:03 சொச்சம். ஒரு வினாடிக்கு இரண்டு வருடம்!

அன்று என்னைத் தாண்டியவர்கள் என்னைவிட மூச்சுள்ளவர்களாக இருந்திருக்க வேண்டியதில்லை. 400 மீட்டரை 52-இல் ஓடக்கூடியவனுக்கு 62 வினாடிச் சுற்று என்பது சாதாரணம். கையில் பத்து வினாடி சும்மா இருக்கிறது. 55.6 ஓடும் எனக்கு அதே சுற்றுக்கு முகம் இறுகிவிடும். இருவரும் தோளோடு தோள் ஓடிக்கொண்டிருப்போம், ஆனால் அவன் பாதிப் பணத்தைச் செலவழித்திருப்பான், நான் பையைத் தடவிக்கொண்டிருப்பேன். வேகம் என்பது கடைசி நூறு மீட்டருக்கு மட்டும் என்று நினைப்பதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் பெரிய தவறு. அது முதல் மீட்டரிலிருந்தே வேலை செய்கிறது. ஓடும் வேகத்துக்கும் உச்ச வேகத்துக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ அவ்வளவு சிக்கனமாக உடம்பு ஓடுகிறது.

இதனால்தான் 57.9 ஓடும் எங்கள் பையனிடம் இன்னும் பத்துக் கிலோமீட்டர் ஓடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் மிச்சம் 11.7-இல் இருக்கிறது. அதை 11-ஆக்கினால் ஒரு வினாடிகூட லாபமில்லை. 400 மீட்டரை 56.4-ஆக்கினால் அவன் 2:04.5 ஓடுவான். அவன் வளரும் வயதில் இருக்கிறான். கால்கள் நீண்டுகொண்டிருக்கின்றன, தசை இப்போதுதான் ஏறுகிறது. இந்த வயதில் வேகத்தைத் தொடாமல் விட்டால் பிறகு வருந்த வேண்டும். வேகம் பிறவியிலேயே வருவது, தாங்குதிறன்தான் உழைப்பில் வருவது என்று ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை. தசை நார்களின் கலவை பெரும்பாலும் பெற்றோர் கொடுத்ததுதான். ஆனால் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தங்கள் பிறவி வேகத்தின் எல்லையை ஒருநாளும் எட்டியதில்லை. சரியாக ஓடவே அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

இங்கே ஒரு குழப்பத்தை உடைக்க வேண்டும். வேகப் பயிற்சி என்று பல பள்ளித் திடல்களில் நடப்பது வேகப் பயிற்சியே அல்ல. பத்து முறை 400 மீட்டர், இடையில் ஒரு நிமிட ஓய்வு, நாக்குத் தள்ளும் வரை. பார்ப்பதற்குக் கடுமையாக இருக்கும், பெற்றோருக்கும் திருப்தியாக இருக்கும். பிள்ளை மூன்றாவது சுற்றிலிருந்து மெதுவாக ஓடப் பழகிக்கொண்டிருப்பான், அவ்வளவுதான். உண்மையான வேகப் பயிற்சி பார்க்கச் சோம்பேறித்தனமாக இருக்கும். இருபது மீட்டர் வேகமெடுத்து, அடுத்த முப்பது மீட்டர் முழு வேகம். பிறகு மூன்று நிமிடம் நடை, பேச்சு, தண்ணீர். மறுபடி ஒன்று. ஐந்தாறு முறையோடு சரி. ஆலைக்குப் பின்னால் உள்ள மேட்டில் எட்டு வினாடி ஏற்றம், முழுமூச்சாக, இறங்கும்போது நடை. களைப்பு வந்துவிட்டால் பாடம் முடிந்தது. நரம்பும் தசையும் சேர்ந்து கற்கும் பாடம் இது. களைத்த உடம்புக்கு அது ஏறாது. “என்ன ஐயா, பையனை நிற்க வைத்தே பயிற்சி கொடுக்கிறீர்கள்?” என்று லாரிக்காரர் ஒருவர் கேட்டார். என்ன பதில் சொல்ல?

மூச்சுப் பயிற்சியிலும் இதே குழப்பம் உண்டு. மூச்சிரைக்க ஓடினால்தான் மூச்சு வளரும் என்று நினைக்கிறார்கள். இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தத்தின் அளவு கூடுவது, தசைக்குள் நுண்ணிய இரத்தக்குழாய்கள் பெருகுவது, செல்களில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் மைட்டோகாண்டிரியா அதிகமாவது, இவையெல்லாம் பெரும்பாலும் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் நடப்பவை. வாரங்களில் தொடங்கும், மாதங்களில் தெரியும், வருடங்களில் முதிரும். வாரத்துக்கு ஒருமுறை மட்டும், பேச முடியும் ஆனால் பேச மனம் வராத ஒரு வேகத்தில் இருபது நிமிடம் போதும்.

மெதுவான நீண்ட ஓட்டத்தால் 800 மீட்டர்க்காரனுக்கு என்ன கிடைக்கும் என்பவர்களுக்கு நியூசிலாந்தின் பீட்டர் ஸ்னெல் கதையைச் சொல்வேன். ஆர்தர் லிடியார்ட் என்ற பயிற்றுநர் 800 மீட்டர் ஓடும் அவரை வாரத்துக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர் ஓட வைத்தார். ஸ்னெல் 1961 டிசம்பரில் ஒரு மாரத்தானையே ஓடி முடித்தார். இரண்டு மாதம் கழித்து, 1962 பிப்ரவரியில், கிறைஸ்ட்சர்ச்சில் 800 மீட்டர் உலகச் சாதனை: 1:44.3. அதுவும் புல்தரையில்! எங்கள் திடலைப் பார்த்துச் சலித்துக்கொள்ளும் பிள்ளைகளிடம் இந்தக் கடைசி விவரத்தை மட்டும் தவறாமல் சொல்லிவிடுவேன். அவர் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் தங்கமும், 1964 தோக்கியோவில் 800, 1500 இரண்டிலும் தங்கமும் வென்றவர்.

ஆனால் ஸ்னெலின் கால் சாதாரணக் கால் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த 160 கிலோமீட்டர் ஒரு வலுவான, வேகமான உடம்பின் மேல் ஏறியது. என் பத்துக் கிலோமீட்டர் ஏறிய உடம்பு வேறு.

காப்பிக் கடையில் இதைப் பேசும்போது பெரியவர் ஒருவர் எப்போதும் ஒரு கேள்வி போடுவார்: “எங்கள் காலத்தில் யார் மூச்சுப் பயிற்சி செய்தார்கள்? வேகத்தைத்தானே பழகினோம், ஜெயிக்கவில்லையா?” ஜெயித்தார்கள்தான். பேராக்கைச் சேர்ந்த எம். ராஜாமணி 1965 தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டில் 400, 800 இரண்டிலும் தங்கம் வென்று, 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தங்கமும் எடுத்தவர். பி. ராஜ்குமார் 1985-இல் ஜகார்த்தாவில் 800 மீட்டரை 1:47.37-இல் ஓடி ஆசியத் திடல்தட வெற்றியாளரானார். அந்த நேரம் நாட்டின் சாதனையாகப் பல பத்தாண்டுகள் நின்றது. அவர்கள் எப்படிப் பயின்றார்கள் என்பது தனிக் கதை. நான் பெரியவருக்குச் சொல்வது தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றி மட்டும்.

பால்மரக் காலத்தில், அதாவது ரப்பர் தோட்டக் காலத்தில், விடியுமுன் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு, போன பெற்றோருக்குப் பின்னால் பிள்ளைகளும் மர வரிசையான நிரைக்குப் போனார்கள். பால் வடியும் மங்கைத் துடைத்தார்கள், வாளி தூக்கினார்கள், பிறகு வீட்டுக்கு ஓடிக் குளித்து, பள்ளிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் நடந்தார்கள். மாலையில் இருட்டும் வரை பந்து. எட்டு வயதிலிருந்து பதினைந்து வயது வரை தினமும் இப்படி. அவர்கள் திடலுக்கு வரும்போதே மூச்சு உடம்பில் இருந்தது. பயிற்றுநர் அதன் மேல் வேகத்தைப் பூசினால் போதும். ஆகவே அந்தத் தலைமுறைப் பயிற்றுநர்களுக்கு வேகமே எல்லாம் என்று தோன்றியதில் வியப்பில்லை. இன்றைய பிள்ளை பள்ளி வேனில் ஏறி, பள்ளி வேனில் இறங்கி, டியூஷனுக்கு மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போகிறது. இரவு கைப்பேசி. தண்ணீர் குழாயில் வருகிறது, பள்ளி நடக்கும் தூரத்தில் இல்லை. இதெல்லாம் நல்லதுதான், யாரும் அந்த வாளியைத் திரும்பத் தூக்க வேண்டாம். ஆனால் அன்று இலவசமாகக் கிடைத்த மூச்சை இன்று நேரம் ஒதுக்கித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. அதே பழைய வேகப் பயிற்சியை இந்த உடம்பில் பூசினால் சுவரில்லாத இடத்தில் சுண்ணாம்பு அடித்த கதைதான்.

எனவே முன்பின் தெரியாத ஒரு தோட்டத்துப் பிள்ளையை என்னிடம் கொண்டுவந்து, நேரம் எடுக்காமல் பதில் சொல் என்றால், மூச்சு என்பேன். பத்தில் ஏழெட்டு முறை சரியாக இருக்கும். மீதிப் பேருக்கு என்னைப்போல இரண்டு வருடம் வீணாகும். ஆகவேதான் நேரம் எடுக்கச் சொல்கிறேன்.

1500 மீட்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாவட்ட அளவில் அது மூச்சின் போட்டி. கால் உள்ளவன் மூன்றாம் சுற்றிலேயே காணாமல் போயிருப்பான். மேலே போகப் போகக் கால் திரும்பி வருகிறது. 2016 ரியோ ஒலிம்பிக்கின் 1500 மீட்டர் இறுதி ஓட்டத்தில் அமெரிக்காவின் மேத்யூ சென்ட்ரோவிட்ஸ் 3:50.00 என்ற நேரத்தில் வென்றார். 1932-க்குப் பிறகு அத்தனை மெதுவாக யாரும் அந்தத் தங்கத்தை வென்றதில்லை. எல்லோரும் நடைபழகி வந்து, கடைசிச் சுற்றை அவர் 51 வினாடிக்குள் ஓடி முடித்தார். எல்லோரிடமும் மூச்சு இருக்கும் இடத்தில் கால்தான் தீர்ப்புச் சொல்கிறது. எங்கள் பையன் அடுத்த வருடம் 1500-க்குப் போவான் என்று நினைக்கிறேன். அங்கேயும் இப்போது சேர்க்கும் வேகம் அவனுக்கு உதவும்.

அந்தப் பெண்ணுக்கு நான் போட்டிருக்கும் வாரம் இப்படி. மூன்று நாள் மெதுவான ஓட்டம், 25 நிமிடத்தில் தொடங்கி மூன்று மாதத்தில் 45 நிமிடம் வரை. அதில் ஒரு நாள் நடுவில் கொஞ்சம் அழுத்தம். நான்காவது நாள் கால்: முப்பது மீட்டர் ஓட்டங்கள், மேட்டு ஏற்றம். அந்த ஒரு நாளை வெட்டிவிட்டு நான்கும் மூச்சாக்கிவிடலாமே என்று என் நண்பர் ஒருவர் சொன்னார். சம்மதிக்கவில்லை. இருக்கிற காலைத் துருப்பிடிக்க விட்டால், ஐந்து மாதம் கழித்து மிச்சம் குறைந்திருக்கும், 400 மீட்டர் நேரமும் கூடியிருக்கும். ஒரு கையில் வாங்கி மறு கையில் கொடுத்ததாகிவிடும். கடைசி ஆறு வாரத்தில்தான் 800 மீட்டர் வேகத்தில் 200, 300 மீட்டர்கள் வரும். போட்டிக்கு ஆறு வாரமே இருக்கும்போது என்னிடம் வருகிறவர்களுக்கு இந்தத் திட்டம் எதுவும் பொருந்தாது. மூச்சு வளர்க்க நேரமில்லை. முதல் சுற்றை அடக்கி ஓடப் பழக்கி அனுப்புவேன். அந்தப் பெண் 70-க்குப் பதிலாக 74-இல் முதல் சுற்றை ஓடினாலே நான்கைந்து வினாடி மிஞ்சும் என்பது என் ஊகம்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடியும் இரண்டாம் சுற்று தேறவில்லை, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்றால், அரசாங்க மருந்தகத்தில் இரத்தம் சோதித்துப் பாருங்கள். இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்புச்சத்து. மாதவிலக்கு தொடங்கிய வயதில் அது குறைவது சகஜம். சோம்பேறி என்று திட்டு வாங்கிய பிள்ளைக்கு உண்மையில் இரத்தசோகை இருந்ததை நான் கண்டிருக்கிறேன். முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் முதலில் சோதனை. புகைமூட்ட நாட்களில் நீண்ட ஓட்டம் வேண்டாம். மாலை நான்கு மணி வெயிலிலும் வேண்டாம். அந்த நேரத்தில் குறுகிய வேக ஓட்டம் செய்யலாம், மெதுவான நீண்ட ஓட்டத்துக்கு உடம்பு கொதித்துவிடும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்த அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். “சரி ஐயா, மூச்சே இருக்கட்டும். 40 நிமிடம் தோட்டத்துச் சாலையில் இவள் தனியாக எப்படி ஓடுவாள்?” நாய்கள் இருக்கின்றன, குலை ஏற்றிய லாரிகள் இருக்கின்றன, சொல்லத் தயங்கும் வேறு பயங்களும் இருக்கின்றன. மைட்டோகாண்டிரியாவைப் பற்றி இவ்வளவு யோசித்த நான் இதை யோசிக்கவில்லை.

பையனைத்தான் கூப்பிட்டேன். அவனுடைய ஓய்வு ஓட்டத்தின் வேகமும் அவளுடைய நீண்ட ஓட்டத்தின் வேகமும் ஏறக்குறைய ஒன்றுதான். மேட்டு ஏற்றத்திலோ முதல் பத்து மீட்டரில் அவள்தான் முன்னால். அவளைத் துரத்துவதைவிட அவனுக்கு வேறு வேகப் பயிற்சி தேவையில்லை. அவள் தம்பி சைக்கிளில் பின்னால் வருவான் என்றும் ஏற்பாடாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பக்கம் ஏழு மணிக்கு மேல்தான் வெளுக்கும், மாரியம்மன் கோவில் வாசலிலிருந்து கிளம்பினார்கள். ஓடும்போது இருவரும் பேசிக்கொண்டே ஓட வேண்டும், பேச்சு நின்றால் வேகம் அதிகம் என்று பொருள் என்று சொல்லி அனுப்பினேன். என்ன பேசுவது என்று கேட்டாள். எதையாவது பேசு என்றேன். தம்பியிடம் பிறகு விசாரித்தேன். ஆலை வாசல் வரை அக்காதான் ஓயாமல் பேசினாளாம். திரும்பி வரும்போது அண்ணன் மட்டும்தான் பேசினாராம்.